சேசிஸ் மாற்றிய 1996 டிஃபெண்டரை அமெரிக்காவுக்குக் கொண்டுவரலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1996ஆம் ஆண்டு லேண்ட் ரோவர் டிஃபெண்டர் 90 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 300டிடிஐ டீசல் எஞ்சின். பின்னால் இருக்கைகளும் ஜன்னல்களும் உள்ள ஸ்டேஷன் வேகன். துருப்பிடித்த பழைய சேசிஸை (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை) 2019ல் கழற்றிவிட்டுப் புது கால்வனைஸ் சேசிஸ் போட்டிருக்கிறார்கள். அதில் எண் எதுவும் இல்லை. "வேண்டுமென்றால் கப்பலில் ஏற்றும் முன் பஞ்ச் அடித்துத் தருகிறேன்" என்கிறார் விற்பவர். பானெட்டுக்கு அடியில் இருக்கும் எண் தகடும் புதிதாக மின்னுகிறது. பானெட்டும் டேஷ்போர்டும் பிற்கால மாடலுடையவை. 25 வருடம் தாண்டிய வண்டிக்கு எந்தக் கேள்வியும் வராது என்று நண்பர்கள் சொல்கிறார்கள். முன்பணம் கட்டலாமா? டெக்சஸில் டைட்டில் (உரிமைப் பத்திரம்) கிடைக்குமா?

பதில்: முன்பணத்தை இப்போது கட்ட வேண்டாம். வண்டி கெட்ட வண்டி என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நல்ல வண்டியாகவே இருக்கலாம். ஆனால் எண் இல்லாத சேசிஸ், புதுத் தகடு, புது மாடல் முகம் ஆகிய மூன்றும் ஒரே வண்டியில் சேர்ந்திருக்கின்றன. அமெரிக்கச் சுங்க அதிகாரி டிஃபெண்டரில் தேடிப் பழக்கப்பட்ட அடையாளங்கள் இவைதான். ஒவ்வொன்றுக்கும் நியாயமான விளக்கம் உண்டு. அந்த விளக்கம் காகிதத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சேசிஸ் மாற்றுவது டிஃபெண்டர் உலகில் அன்றாட வேலை. உடல் தகடுகள் அலுமினியம். சேசிஸோ எஃகுப் பெட்டிச் சட்டம். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள். உப்புச் சேறு பெட்டிக்குள் புகுந்து, உள்ளிருந்து தின்னத் தொடங்கும். முதலில் பின் குறுக்குச் சட்டம் போகும், பிறகு உடலைத் தாங்கும் பக்கக் கைகள். 20, 25 வருடத்தில் வெல்டிங் மேல் வெல்டிங் போட்டு அலுத்து, முழுச் சட்டத்தையே மாற்றிவிடுவார்கள். புதுச் சட்டத்தைச் சுமார் 450 டிகிரி செல்சியஸில் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுப்பதால் உள்ளும் புறமும் பூச்சு ஏறிவிடும். ஓட்டுபவருக்கு இதைவிட நல்ல முதலீடு இல்லை. சங்கடம் ஒன்றுதான்: வண்டியின் நிரந்தர அடையாளமான 17 எழுத்து விஐஎன் எண், வலப்பக்க முன் சக்கரத்தருகே அந்தப் பழைய சேசிஸில்தான் அடிக்கப்பட்டிருந்தது. சட்டம் போனால் எண்ணும் போய்விடும்.

உங்கள் நண்பர்கள் சொன்ன 25 வருட விதி உண்மைதான். தயாரிக்கப்பட்டு 25 ஆண்டு நிறைந்த வாகனத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் தரங்களிலிருந்து விலக்கு உண்டு. அந்த 25 ஆண்டு தயாரான மாதத்திலிருந்து எண்ணப்படுகிறது. மாடல் ஆண்டோ முதல் பதிவுத் தேதியோ கணக்கில்லை. 1996 வண்டிக்கு அது 2021லேயே முடிந்துவிட்டது. ஆனால் அந்த விலக்கு 1996ல் தயாரான வண்டிக்குத்தான். 1996 என்று எழுதிய தகடு மாட்டிய வண்டிக்கு அல்ல. பழைய வண்டியின் எண்ணைப் புது வண்டிக்கு மாட்டி இறக்குமதி செய்யும் மோசடி டிஃபெண்டரில் நிறைய நடந்தது. 2014 ஜூலையில் அமெரிக்க அரசு முகவர்கள் பல மாநிலங்களில் உரிமையாளர்களின் வீட்டு வாசலிலிருந்தே 40 டிஃபெண்டர்களைப் பறிமுதல் செய்தார்கள். டைட்டிலும் நம்பர் பிளேட்டும் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்த வண்டிகள் அவை. பலர் வழக்காடித்தான் திரும்பப் பெற்றார்கள். துறைமுகத்தைத் தாண்டிவிட்டால் தலைவலி தீர்ந்தது என்று யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது காகிதம். எல்லாவற்றுக்கும் மேலாக, 2019ல் வாங்கிய சேசிஸின் ரசீது. அதில் தயாரித்த பட்டறையின் பெயர், தேதி, எந்த மாடலுக்கான சேசிஸ் என்பது, முடிந்தால் வண்டியின் பதிவு எண் இருக்க வேண்டும். மாடல் விவரம் வெறும் சம்பிரதாயம் அல்ல. 200டிடிஐ, 300டிடிஐ, அதன் பின் வந்த டிடி5 ஆகிய மூன்று டீசல் எஞ்சின்களுக்கும் சேசிஸில் எஞ்சின், கியர்பாக்ஸ் தாங்கும் இடங்கள் வேறு. டிடி5 எஞ்சினோடு வந்த டிஃபெண்டர் 90 வண்டிகளில் டீசல் டேங்க் வண்டியின் பின்பக்கம் போய்விட்டது. உங்களுடைய 300டிடிஐயில் அது முன் இருக்கையின் கீழ்ப் பக்கம் இருக்க வேண்டும். ரசீதில் 300டிடிஐ என்றிருந்து, அடியில் டேங்க் பின்னால் தொங்கினால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்து, மாற்றிய பட்டறையின் கூலி ரசீது. அதோடு பழைய சேசிஸில் இருந்த எண்ணின் படம். நல்ல பட்டறைகள் பழைய சட்டத்தை வெளியே எடுத்ததும் எண்ணைத் தேய்த்துச் சுத்தம் செய்து படம் எடுத்து வைப்பார்கள். உடலைத் தூக்கிய நிலையில், பழைய சட்டமும் புதுச் சட்டமும் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் படங்கள் இருந்தால் அவற்றுக்குத் தங்கத்தின் மதிப்பு. பழைய சட்டம் என்னவாயிற்று என்றும் கேளுங்கள். பழைய இரும்புக்குப் போட்ட ரசீது இருந்தால் நல்லது. எண்ணோடு யாருக்காவது விற்றிருந்தால், அதே எண்ணில் இன்னொரு வண்டி எழுந்து நிற்க வாய்ப்பு உண்டு.

விற்பவர் தராவிட்டாலும் நீங்களே எடுக்கக்கூடிய சாட்சி ஒன்று இருக்கிறது, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். இங்கிலாந்தின் வருடாந்தரத் தகுதிச் சோதனையான எம்ஓடியின் வரலாறு அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைத் தட்டினால் இலவசமாக வரும். 2005க்குப் பிந்தைய சோதனைகள் அதில் உண்டு. 2016, 2017, 2018 சோதனைகளில் 'சேசிஸில் துரு' என்ற குறிப்புகள் வரிசையாக வந்து, 2019க்குப் பிறகு அவை அறவே நின்றுவிட்டிருந்தால், சேசிஸ் மாறிய கதையை அரசுப் பதிவே சொல்கிறது. மைல் கணக்கு ஒழுங்காக ஏறுகிறதா என்பதும் தெரியும். இதை அச்சிட்டுக் கோப்பில் வையுங்கள். கூடவே பணம் கட்டிப் பார்க்கும் வாகன வரலாற்றுச் சோதனை ஒன்றும் செய்யுங்கள். திருட்டு, கடன் நிலுவை, காப்பீட்டு நிறுவனம் கழித்துக்கட்டிய வரலாறு எல்லாம் அதில் வரும். 'கேட்டகரி பி' என்றிருந்தால் அந்த வண்டி மறுபடி சாலைக்கே வந்திருக்கக் கூடாது.

இங்கிலாந்தின் பதிவுத் துறையான டிவிஎல்ஏ இதை எப்படிப் பார்க்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2019ல் நடப்பில் இருந்தது புள்ளிக் கணக்கு. சேசிஸுக்கு 5, சஸ்பென்ஷன், ஆக்ஸில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2, எஞ்சினுக்கு 1. மொத்தம் 8 எடுத்தால் பழைய பதிவு எண்ணே தொடரும். அதே அளவிலான புதுச் சேசிஸ், ரசீதோடு இருந்தால், பழையதைப் போலவே 5 புள்ளி பெறும். எனவே உங்கள் வண்டி பழைய எண்ணை வைத்திருப்பதில் தவறில்லை. 2025 ஆகஸ்டிலிருந்து விதி இன்னும் தளர்ந்துவிட்டது. பழையதைப் போலவே செய்த பழுதுபார்ப்பை டிவிஎல்ஏவுக்குத் தெரிவிக்கவே வேண்டாம். இதைச் சொல்லி விற்பவர் உங்களைச் சமாதானப்படுத்தலாம். இங்கிலாந்துச் சாலையில் ஓட்டுபவருக்கு அது போதும். டெக்சஸ் துறைமுகத்தில் டார்ச் அடித்துப் பார்க்கும் அதிகாரிக்கு அது எந்தப் பதிலும் தராது.

இனி, பஞ்ச் அடித்துத் தருகிறேன் என்ற பேச்சு. வேண்டாம் என்று எழுத்தில் சொல்லிவிடுங்கள். 2019ல் போட்ட சேசிஸில், விற்பனை பேசிய பிறகு, ஏற்றுமதிக்கு ஒரு வாரம் முன்னால் எண் ஏறினால் அது எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள். முக்குவதற்கு முன் அடித்த எண்ணில் துத்தநாகம் வழிந்து ஓரங்கள் மழுங்கியிருக்கும். பிறகு அடித்த எண் கூர்மையாக, பூச்சு பிளந்து, பளபளப்பாக நிற்கும். பார்த்தவுடன் தெரியும். இதைவிட மோசம், பழைய சேசிஸிலிருந்து எண் உள்ள துண்டை வெட்டியெடுத்துப் புதியதில் வெல்டிங் செய்வது. 'அசல் எண்ணையே வைத்திருக்கிறோம்' என்று நல்லெண்ணத்தோடு செய்பவர்கள் உண்டு. ஆனால் திருட்டு வண்டிக்காரர்கள் கையாளும் முறையும் அச்சு அசல் இதுதான். அப்படி ஒரு வெல்டிங் கோடு தெரிந்தால் எந்த ரசீதும் உங்களைக் காப்பாற்றாது.

சரியான வழி இது. தற்போதைய உரிமையாளர் என்ற முறையில் விற்பவர் சுவான்சியில் உள்ள டிவிஎல்ஏவுக்கு எழுத வேண்டும்: இன்ன தேதியில் சேசிஸ் மாற்றப்பட்டது, ரசீது இதோ, புதியதில் எண் இல்லை, பழைய எண்ணை அடிக்க ஒப்புதல் வேண்டும். பதில் எழுத்தில் வந்த பிறகு, பதிவுபெற்ற பட்டறையில் அடித்து, அடிக்கும் முன்னும் பின்னும் தேதியோடு படம் எடுத்து, ரசீதில் 'புதுச் சேசிஸில் அசல் எண் அடிக்கப்பட்டது' என்று எழுதி வாங்க வேண்டும். மின்னும் தகட்டுக்கும் இதே விதி: எங்கே, எப்போது, எதனால் மாற்றினார்கள், பழைய தகடு எங்கே என்ற விவரமும் ரசீதும் வேண்டும். இதற்குச் சில வாரங்கள் ஆகும். பொறுமையில்லாத விற்பவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும். வண்டி அமெரிக்கா வந்த பிறகு நீங்களே அடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் கனவிலும் வேண்டாம். வாகன அடையாள எண்ணை மாற்றுவதும் அழிப்பதும் இங்கே கூட்டாட்சிக் குற்றம். 5 ஆண்டு வரை சிறை. மாநிலச் சட்டப்படி எண்ணை மீட்டெடுப்பவருக்கு விலக்கு உண்டு.

எண்ணையும் படித்துப் பாருங்கள். வலப்பக்க ஸ்டீயரிங் உள்ள 300டிடிஐ டிஃபெண்டர் 90 ஆனால் எண் SALLD (எஸ், ஏ, எல், எல், டி) என்று தொடங்கும். 6ஆவது எழுத்து வி என்றால் டிஃபெண்டர் 90. 8ஆவது எஃப் என்றால் டிடிஐ எஞ்சின். 9ஆவது 7 என்றால் வலப்பக்க ஸ்டீயரிங், 5 கியர். 10ஆவது டி என்றால் 1996 மாடல். 11ஆவது ஏ என்றால் சோலிஹல் ஆலை. இதில் ஏதாவது ஒன்று வண்டியோடு ஒத்துப்போகாவிட்டால் விளக்கம் கேளுங்கள். தயாரான மாதத்துக்கு உற்பத்தியாளரின் ஆவணக் காப்பகச் சான்றிதழ் வாங்குவது நல்லது. எஞ்சின் எண்ணும் பதிவுப் புத்தகமான வி5சியில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சேசிஸ் புதிது என்பதால் மற்ற எல்லாமும் 1996ஐச் சொல்ல வேண்டியது அவசியமாகிறது. வண்டியை நேரில் பார்க்கும் ஆளிடம் இவற்றைப் படமெடுக்கச் சொல்லுங்கள்: எஞ்சின் பிளாக்கில் உள்ள எண், கியர்பாக்ஸ் எண், இரண்டு ஆக்ஸில் எண்கள், சீட் பெல்ட் லேபிளில் உள்ள தேதி, கண்ணாடி மூலைக் குறியீடுகள், பிளாஸ்டிக் பாகங்களின் பின்புறம் கடிகார முகம் போல அச்சாகியிருக்கும் வார்ப்புத் தேதி. 1995, 1996 என்று பத்து இடத்தில் வந்தால் வண்டி தன் வயதைத் தானே சொல்லிவிடும். லாரிகளுக்கு அமெரிக்க விதி ஒன்று உண்டு: புது கேபின் போட்டாலும், எஞ்சின், கியர்பாக்ஸ், இயக்கும் ஆக்ஸில் மூன்றும் பழையவையாக இருந்து, அவற்றில் குறைந்தது இரண்டு ஒரே வண்டியிலிருந்து வந்திருந்தால் அது புது வாகனம் ஆகாது. உங்கள் வண்டிக்கு அது நேராகப் பொருந்தாது. ஆனாலும் அதிகாரிகள் எந்தத் திசையில் யோசிக்கிறார்கள் என்பது அதில் தெரிகிறது: பாகங்கள் ஒரே தாய் வண்டியைச் சேர்ந்தவையா?

அந்தக் காரணத்தால்தான் பானெட்டையும் டேஷ்போர்டையும் பற்றி இவ்வளவு கவலைப்படுகிறேன். நடுவில் புடைத்த பானெட் 2007ல் வந்த பூமா மாடலுடையது. அதன் எஞ்சின் உயரமானது என்பதால் அந்தப் புடைப்பு. 2007 வண்டி 2032க்கு முன் இந்த விலக்கில் நுழைய முடியாது. ஆகவே பூமா முகம் என்றாலே கண்டெய்னரைத் திறந்தவரின் புருவம் உயரும். தட்டையான பழைய பானெட்டும் பழைய டேஷ்போர்டும் பழைய சாமான் சந்தையில் கிடைக்கும். கப்பலில் ஏற்றும் முன் விற்பவர் செலவிலேயே மாற்றச் சொல்லுங்கள்; விலையில் பேசிக்கொள்ளலாம். முன் கண்ணாடிக்குக் கீழே காற்று வரும் இரண்டு மூடிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பூமாவில் அவை கிடையாது. இருந்தால், பல்க்ஹெட் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) பழையது என்பதற்கு அது கண்ணுக்குத் தெரியும் சாட்சி.

எஞ்சினில் கை வைக்காதீர்கள். சுற்றுச்சூழல் துறையான ஈபிஏவின் 3520-1 படிவத்தில் நீங்கள் கேட்கப்போவது 'ஈ' குறியீட்டின் விலக்கு: 21 ஆண்டு கடந்து, அசல் அமைப்பிலேயே உள்ள வாகனம். 300டிடிஐக்குப் பதில் இன்னொரு 300டிடிஐ இருந்தால் பரவாயில்லை. டிடி5 ஏற்றியிருந்தால் அந்த விலக்கே ஆட்டம் காணும். சாலைப் பாதுகாப்புத் துறைக்கான எச்எஸ்-7 படிவத்தில் 1ஆம் கட்டம். சேசிஸ் மாற்றியதை எந்தப் படிவமும் நேராகக் கேட்பதில்லை. ஆனாலும் சுங்கப் புரோக்கரிடம் முன்கூட்டியே சொல்லி, ரசீதையும் படங்களையும் ஒரு பக்கக் குறிப்போடு நுழைவு ஆவணங்களுடனே இணைக்கச் சொல்லுங்கள். அதிகாரி கண்டுபிடித்த பிறகு காட்டும் ரசீதுக்கும், அவர் கேட்கும் முன்பே வைத்த ரசீதுக்கும் மதிப்பு வேறு. டிஃபெண்டர் இறக்கிப் பழகாத புரோக்கர் வேண்டாம்.

வரியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பின் இருக்கைகளோடு பயணிகள் வண்டியாக ஏற்றால் அடிப்படை வரி 2.5 சதவீதம், சரக்கு வண்டி என்று வகைப்படுத்தினால் 25 சதவீதம். 30,000 டாலர் மதிப்புக்கு 750க்கும் 7,500க்கும் உள்ள வித்தியாசம் அது. எனவே பின் இருக்கைகளையும் பெல்ட்டுகளையும் கழற்றித் தனியாக அனுப்ப விடாதீர்கள். பொருத்திய நிலையில் படமெடுங்கள். இதோடு 0.3464 சதவீதச் சரக்குக் கையாளும் கட்டணமும் 0.125 சதவீதத் துறைமுகப் பராமரிப்புக் கட்டணமும் சேரும். 2025லிருந்து கூடுதல் வரிகள் அடிக்கடி மாறுவதால், கப்பல் புறப்படும் வாரத்தின் நிலவரத்தைப் புரோக்கரிடம் எழுத்தில் வாங்குங்கள். கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே ஐஎஸ்எஃப் என்ற முன்னறிவிப்பு தாக்கலாக வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். சேசிஸ் பெட்டிக்குள் மண் இல்லாமல் வடிகால் துளைகள் வழியே தண்ணீர் பீய்ச்சிக் கழுவச் சொல்லுங்கள். அந்நிய மண் ஒட்டியிருந்தால் வேளாண் ஆய்வு வண்டியை நிறுத்திவிடும், நாள் வாடகை உங்கள் தலையில் ஏறும்.

வி5சி அசல் உங்களிடம் வந்தே ஆக வேண்டும். நிரந்தர ஏற்றுமதிக்கான துண்டை மட்டும் விற்பவர் கிழித்து டிவிஎல்ஏவுக்கு அனுப்பினால் போதும். பழக்கமில்லாதவர்கள் புத்தகம் முழுவதையும் அனுப்பிவிடுவார்கள். அப்புறம் டெக்சஸில் உரிமையைக் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

டெக்சஸ் விஷயத்துக்கு வருவோம். வெளிநாட்டிலிருந்து வந்த வாகனத்துக்கு, பயிற்சி பெற்ற காவல் அதிகாரி எண்ணைப் பார்த்து விடிஆர்-68-ஏ படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அதன் பிறகு கவுண்டி வரி அலுவலகத்தில் 130-யூ படிவம், வி5சி, விற்பனை ரசீது, எச்எஸ்-7, சுங்கத்தின் 7501 படிவம், காப்பீடு. விற்பனை வரி 6.25 சதவீதம். கவுண்டரில் இருப்பவர் எண்ணைத் தட்டியதும் கணினி பிழை காட்டலாம், பயப்பட வேண்டாம். வட அமெரிக்க எண்களில் 9ஆவது இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். ஐரோப்பிய வண்டியில் அப்படியல்ல. உங்கள் 7 ஸ்டீயரிங் பக்கத்தையும் கியர்பாக்ஸையும் சொல்லும் குறி. இதை எடுத்துச் சொன்னால் மேலதிகாரி கையால் பதிவு செய்வார்.

காவல் அதிகாரியின் சோதனையில்தான் சேசிஸ் கேள்வி மறுபடி எழும். டெக்சஸ் ஒரு வாகனத்தின் அடிப்படைப் பாகங்கள் என்று எஞ்சின், சட்டம், உடல் மூன்றையும் எண்ணுகிறது. மூன்றும் வெவ்வேறு இடத்திலிருந்து வந்தவை என்ற எண்ணம் அவருக்கு வந்தால், 'சேர்த்துக் கட்டிய வாகனம்' என்ற வகைக்குத் தள்ளிவிடுவார். அப்போது டைட்டிலில் தயாரிப்பு ஆண்டும் தயாரிப்பு நிறுவனப் பெயரும் மாறக்கூடும். நீங்கள் 1996 என்று சுங்கத்தில் உறுதி கூறியதற்கு அது நேர் எதிரான காகிதம். அதனால் சோதனைக்குப் போகும்போது அந்த ரசீதுக் கோப்பு கையில் இருக்கட்டும். எஞ்சினும் உடலும் அசல், சட்டம் மட்டும் தேய்மானத்தால் மாற்றிய உதிரிப்பாகம் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். எண் இன்னும் அடிக்கப்படாமல் இருந்தால், மாநிலம் ஒதுக்கும் எண் வழி ஒன்று இருக்கிறது. ஆனால் அது கடைசி வழி. அப்படிப்பட்ட டிஃபெண்டரை மறுபடி விற்பது கடினம்.

இப்போது விற்பவருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். சேசிஸ் ரசீது, கூலி ரசீது, பழைய எண்ணின் படம், தகடு மாற்றிய விவரம், வி5சியின் இரு பக்கப் படம். இந்த ஐந்தில் முதல் மூன்றும் வந்து, எம்ஓடி வரலாறும் பொருந்தினால், டிவிஎல்ஏ கடிதம் வரும்வரை வண்டியை அவர் கொட்டகையிலேயே நிறுத்தும் நிபந்தனையோடு சிறு முன்பணம் கட்டலாம். சேசிஸ் ரசீது மட்டும் தொலைந்துவிட்டது என்றால், தயாரித்த பட்டறையிடம் 2019 விற்பனைப் பதிவின் நகலைக் கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். அதுவும் இல்லை, படமும் இல்லை என்றால் இந்த வண்டியை விட்டுவிடுங்கள். அசல் சேசிஸோடு, ஸ்பெயின், போர்ச்சுகல் போல உப்புத் தூவாத வெயில் நாடுகளில் ஓடிய 300டிடிஐக்கள் இன்னும் விற்பனைக்கு வருகின்றன. விலை கொஞ்சம் கூடும். இடப்பக்க ஸ்டீயரிங்கும் கிடைக்கும்.